கயிறு பிடித்தவரின் கடன்

குதிரையின் கடிவாளத்துக்கு மூன்று உறுப்புகள் உண்டு: தலையைச் சுற்றி வரும் தோல்வார், வாய்க்குள் குறுக்காகக் கிடக்கும் இரும்பு, அந்த இரும்பின் இரு முனைகளிலிருந்தும் ஓட்டுபவரின் கைக்கு வரும் பிடிவார். இவற்றில் இரும்பை நீக்கிவிட்டு, மூக்கின்மேல் படியும் பட்டையைக் கொண்டே குதிரையை நடத்தும் முறையும் பழமையானது. இரும்பில்லாத இத்தகைய கடிவாளங்களையும், குதிரை பழக்கப் பயன்பட்ட பழைய சேணம், அங்கவடி, தோல்பின்னல் கயிறு ஆகியவற்றையும் தேடிச் சேர்ப்பவர்கள் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் சேர்க்கும் ஒவ்வொரு பொருளும் ஒரு கேள்வியைச் சுமந்திருக்கிறது. ஓர் உயிரை இன்னோர் உயிர் கயிறிட்டு நடத்த உரிமை உண்டா? உண்டென்றால் அதன் எல்லை எது?

தஞ்சாவூரும் காவிரிக் கழிமுகமும் இந்தக் கேள்விக்கு அயலானவை அல்ல. நெல் விளையும் இந்தச் சேற்று நிலம் குதிரை வளர்ப்புக்கு ஏற்றதில்லை. ஆனாலும் குதிரையையும் கயிற்றையும் பற்றி இங்கே ஆழமாகச் சிந்தித்திருக்கிறார்கள். திருவாவடுதுறையின் யோக மரபும், சைவ மடங்களின் சித்தாந்தமும், திருவாரூரின் நீதிக் கதையும், திருப்பெருந்துறையின் குதிரைக் கதையும் சேர்ந்து இதற்கு ஒரு விடையை உருவாக்கியுள்ளன. அடக்கும் உரிமை தன்னளவில் யாருக்கும் இல்லை. அடக்கப்படும் உயிரின் நன்மைக்குப் பொறுப்பேற்பவருக்கு மட்டும், அந்தப் பொறுப்பு நீளும் அளவுக்கே அது உண்டு என்பதே அந்த விடை.

வாயும் இரும்பும்

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. கடிவாள இரும்பு அமர்வது அங்கேதான். அந்த இடத்தில் தாடையெலும்பின் விளிம்பு கூர்மையானது; அதை மூடியிருக்கும் ஈறோ மிக மெல்லியது. பிடிவாரை இழுத்தால் இரும்பு நாக்கையும் அந்த விளிம்பையும் அழுத்தும். பக்கத்தண்டு நீண்ட கடிவாளமானால் நெம்புகோல் போல வேலை செய்து, கை கொடுக்கும் விசையைப் பல மடங்காக்கும். குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும் விலங்கு. ஓடும்போது வாய் மூடியிருப்பதே அதன் இயல்பு. வாயில் வலி கண்ட குதிரை வாயைத் திறக்கும், தலையை உதறும், நாக்கைப் பின்னுக்கு இழுக்கும். இவற்றை அடங்காமை என்று எண்ணி இன்னும் இறுக்கிப் பிடிப்பவர்கள் உண்டு. அப்போது வலி தீராமல் வளர்கிறது.

மேற்காசியாவில் கி.மு. 2-ஆம் ஆயிரமாண்டிலேயே வெண்கலக் கடிவாளங்கள் புழங்கின. நாகபுரிக்கு அருகிலுள்ள மாகூர்ஜரியின் பெருங்கற்காலக் கல்லறைகளில் இரும்புக் கடிவாளங்களும் குதிரையின் முகத்துக்கான செப்பு அணிகளும் கிடைத்துள்ளன. இறந்தவரோடு குதிரைக் கருவியையும் புதைத்த அந்த மக்கள் அதை வெறும் பயன்பொருளாக எண்ணவில்லை என்பது தெரிகிறது. அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவர் நியார்க்கஸ் கண்டதை ஆதாரமாகக் கொண்டு எழுதிய ஆரியன், இந்தியர்கள் குதிரையின் முகத்தைச் சுற்றிப் பச்சைத்தோல் பட்டை ஒன்றைப் பூட்டினர் என்றும், அதன் உட்புறம் வெண்கலத்தாலோ இரும்பாலோ ஆன முட்கள் பதித்திருந்தன என்றும், செல்வர்கள் அவற்றைத் தந்தத்தில் செய்துகொண்டனர் என்றும் குறித்திருக்கிறார். மூக்கின்மேல் படிவதாலேயே ஒரு கருவி மென்மையானது ஆகிவிடாது என்பதற்கு இது பழைய சான்று. அதே பண்டை உலகில் வட ஆப்பிரிக்காவின் நுமிதிய வீரர்கள் கழுத்தில் ஒரு கயிறு மட்டும் கட்டிப் போர்க்களத்தில் குதிரை ஓட்டினார்கள். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய கிரேக்கரான செனபோன், வற்புறுத்தலால் குதிரை செய்யும் எதிலும் புரிதலும் இல்லை, அழகும் இல்லை என்று கருதினார்.

மேற்கத்திய சேகரிப்பாளர்கள் பெரிதும் மதிப்பது மெக்சிகோவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பரவிய ஸ்பானிய மாட்டிடையர் மரபை. அந்த மரபில் இளங்குதிரையின் வாயில் உடனே இரும்பு வைப்பதில்லை. பச்சைத்தோலைப் பின்னிச் செய்த போசால் என்னும் மூக்குவளையத்தை முதலில் பூட்டுவார்கள். அதிலிருந்து கைக்கு வருவது குதிரை மயிரால் திரித்த கயிறு. குதிரை தேறிய பிறகு மெல்லிய வளையமும் இரும்பும் சேர்ந்து சில காலம் இருக்கும். கடைசியில்தான் இரும்பு தனியாக வரும். இதற்கெல்லாம் பல ஆண்டுகள் ஆகும். முழுதாகப் பழகிய குதிரை மிகக் கடுமையான இரும்பைச் சுமந்திருந்தாலும் பிடிவார் தளர்ந்தே தொங்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த அளவுகோல். அந்தத் தோல்பின்னலில் தலைசிறந்தவரான லூயிஸ் ஒர்ட்டேகாவுக்கு 1986-இல் அமெரிக்க அரசின் மரபுக்கலை விருது கிடைத்தது. அவர் பின்னியவை இன்று அருங்காட்சியகப் பொருள்கள்.

1990-களின் இறுதியிலிருந்து, கால்நடை மருத்துவப் பேராசிரியர் ராபர்ட் குக் போன்றவர்கள் வாயிரும்பின் தீங்குகளை ஆராய்ந்து எழுதினார்கள். தாடைக்கு அடியில் குறுக்காகச் செல்லும் பட்டை தலை முழுவதையும் மெல்ல அழுத்தும்படியான கடிவாளமும் பரவியது. இது நல்ல முன்னேற்றம். ஆனால் மூக்கெலும்பு நுனியை நோக்கி மெலிந்து செல்வது. முகத்தின் நரம்புகளும் அங்கேதான் ஓடுகின்றன. பட்டையைத் தாழ்த்திக் கட்டி இழுத்தால் அங்கும் புண்ணாகும், மூச்சும் தடைப்படும். ஆகவே, கருவியை மாற்றுவது அறத்தின் தொடக்கமே. கையையும் மனத்தையும் மாற்றுவதில்தான் அது நிறைவடைகிறது.

கடல்வழி வந்த குதிரை

காவிரிப்பூம்பட்டினத்தின் துறைக்கு வந்து இறங்கிய பொருள்களைச் சொல்லும்போது, கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். பல நூற்றாண்டுகள் தமிழகத்துக்குக் குதிரை வெளியிலிருந்து வரும் விலை உயர்ந்த பண்டமாகவே இருந்தது. அதைப் பேணும் அறிவோ அதே வேகத்தில் வந்து சேரவில்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கடற்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவதாகவும், பேணத் தெரிந்தவர் இல்லாததால் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை இறந்துவிடுவதாகவும் சொல்கிறார். விற்பனை குறையக்கூடாது என்பதற்காகக் குதிரை வணிகர்கள் குதிரை மருத்துவர்களை இங்கே வரவிடுவதில்லை என்றும் அவர் குறித்திருக்கிறார். அந்தக் குதிரைகளின் சாவுக்குக் காரணம் கொடுமை மட்டுமல்ல, அறியாமையும்தான். அறியாமல் செய்த தீங்கும் தீங்கே என்பதால், ஓர் உயிரைக் கட்டுவதற்கு முன் அதை அறிந்துகொள்வது கட்டுபவரின் முதல் கடனாகிறது.

அந்த அறிவைத் தேடியவர்களும் தஞ்சையில் இருந்தார்கள். சரசுவதி மகால் நூலகத்தில் யானை, குதிரை பற்றிய சுவடிகள் உள்ளன. நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரத்தை வண்ணப் படங்களோடு 1952-இல் அந்த நூலகம் அச்சிட்டது. குதிரையின் நிறம், சுழி, நடை, குணம், தீனி, நோய் என்று இத்தகைய நூல்கள் வகுத்துச் சொல்கின்றன. தண்டனையைப் பற்றியும் அந்த மரபு பேசுகிறது. குற்றம் எது என்று அறிந்து, அது நிகழ்ந்த பொழுதில், உரிய இடத்தில் மட்டுமே சாட்டை படலாம். தவறான இடத்தில், தவறான நேரத்தில் விழும் அடி குதிரைக்குத் தீராத குணக்கேட்டைத் தந்துவிடும் என்பது அதன் கருத்து. சாட்டையை முற்றாக விலக்கவில்லை என்றாலும், கோபத்தில் ஓங்கும் கையை அந்த மரபு ஏற்கவில்லை.

கழிமுகத்தின் அன்றாட வாழ்வில் கயிறு ஏறியது குதிரையின் வாயில் அல்ல, உழவு மாட்டின் மூக்கில். இளங்காளையின் மூக்கின் நடுச்சவ்வைத் துளைத்து மூக்கணாங்கயிறு கோப்பார்கள். அது வலிக்கும் இடம் என்பதால்தான் அவ்வளவு பெரிய விலங்கு ஒரு மெல்லிய கயிற்றுக்கு அடங்குகிறது. கூர்முனைத் தார்க்குச்சியும் வழக்கில் இருந்தது. ஆனால் சேற்றில் நன்றாக உழத் தெரிந்தவர் மூக்கணாங்கயிற்றை இழுப்பது அரிது. குரலும் வாலில் பட்ட கையுமே போதும். பழகிய மாடு சால் திரும்பும் இடத்தைத் தானே அறியும். மாட்டுப் பொங்கலன்று பழைய கயிற்றைக் கழற்றிப் புதுக்கயிறு மாற்றி, கொம்புக்கு வண்ணம் பூசி, பொங்கல் ஊட்டும் வழக்கம் அந்த உழைப்புக்கு நன்றி சொல்வது. நன்றி இருக்கும் இடத்தில் உறவு இருக்கிறது. அந்த உறவு மற்ற நாட்களிலும் நீள வேண்டும் என்பதே அறம் கேட்பது.

குதிரையாகிய மூச்சு

குதிரையும் கயிறும் இந்தியச் சமய நூல்களில் அகவாழ்வின் உருவகங்களாகவும் வருகின்றன. உடலைத் தேராகவும், ஆன்மாவைத் தேரில் அமர்ந்தவனாகவும், புத்தியைச் சாரதியாகவும், மனத்தைக் கடிவாளக் கயிறாகவும், புலன்களைக் குதிரைகளாகவும் கடோபநிடதம் காண்கிறது. திருக்குறளில் நீத்தார் பெருமை அதிகாரம், ஐம்புலன்களை யானைகளாகவும் மன உறுதியை அங்குசமாகவும் வைக்கிறது. இரண்டு நூல்களும் அடக்கம் வேண்டும் என்கின்றன. ஆனால் கடோபநிடதத்தில் குதிரைகளைக் கொன்றுவிட்டுத் தேர் போய்ச் சேர முடியாது. சாரதிக்கு அறிவில்லாதபோது குதிரைகள் முரண்டு பிடிக்கின்றன. அறிவுள்ள சாரதியிடம் அவையே நல்ல குதிரைகளாகின்றன. குதிரையின் குணம் சாரதியின் தகுதியைக் காட்டிவிடுகிறது.

மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள திருவாவடுதுறையோடு மரபு இணைத்துப் பேசும் திருமூலர் இந்த உருவகத்தை இன்னும் நுட்பமாகக் கையாள்கிறார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் யோகத்தைப் பற்றியது. அதன் பிராணாயாமப் பகுதியில் மூச்சையே குதிரையாக உருவகித்திருக்கிறார். மெய்யருக்கு அந்தக் குதிரை வசப்படும், பொய்யரை முதுகிலிருந்து வீழ்த்திவிடும் என்பது அவர் கருத்து. மூச்சை வலிந்து பிடித்தால் உடல் நோகும் என்பது யோகம் பழகுவோர் அனைவரும் அறிந்தது. நெறிப்படி, சிறிது சிறிதாகப் பழக்கினால் அது தானே சீராகிறது. மேலேறி அமர்ந்தவரின் வாய்மையைச் சோதிக்கும் நடுவராகக் குதிரையை நிறுத்தியது திருமூலரின் தனிச்சிறப்பு.

இந்த அகப் பாடம் புறத்துக்கும் பொருந்துவது. தன் சினத்தையும் அவசரத்தையும் அடக்காதவர் குதிரையை அடக்க முயலும்போது, அவருடைய அடங்காமை பிடிவார் வழியே விலங்கின் வாய்க்குப் போகிறது. அவரது கை நடுங்கினால் குதிரை அஞ்சுகிறது. கை அமைதியானால் அதுவும் அமைதியாகிறது. உள்ளே கடிவாளம் இல்லாத மனிதருக்கு வெளியே எத்தனை கடுமையான கடிவாளமும் போதாது. உள்ளே அது இருப்பவருக்கு மெல்லிய கயிறே போதும்.

பசுவின் கையில் பசு

சைவ சித்தாந்தம் உண்மைப் பொருள்களை மூன்றாக வகுக்கிறது: பதி, பசு, பாசம். இறைவன் பதி; உயிர்கள் பசு; அவற்றைக் கட்டியிருக்கும் ஆணவம், கன்மம், மாயை ஆகியவை பாசம். மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் செய்த சிவஞானபோதம் 12 சூத்திரங்களில் இதை நிறுவுகிறது. திருவாவடுதுறை மடத்தைச் சேர்ந்த சிவஞான முனிவர் 18-ஆம் நூற்றாண்டில் அதற்கு மாபாடியம் எழுதினார். இந்தக் கொள்கையின்படி குதிரைக்கு உள்ளிருப்பதும் உயிர், அதன் மேல் அமர்ந்தவருக்கு உள்ளிருப்பதும் உயிர். இரண்டும் பசுவே, இரண்டும் கட்டுண்டவையே. வினைக்கேற்ப எடுத்த உடம்பு மட்டும் வேறு. தானே கட்டில் இருக்கும் ஓர் உயிர் இன்னோர் உயிருக்குத் தன்னைப் பதியாக எண்ணிக்கொள்வது ஆணவ மலத்தின் வேலையன்றி வேறில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழக்கூடும். இறைவனே உயிர்களை அடக்கித்தான் நடத்துகிறான்; மலங்களைச் செலுத்தி உயிரைப் பக்குவப்படுத்தும் மறைப்புச் சக்தியைத் திரோதானம் என்று சித்தாந்தமே சொல்கிறது; துன்பத்தின் வழியாக வரும் அருளை மறக்கருணை என்றும் அது ஏற்கிறது; அப்படியானால் விலங்கை வலியால் திருத்துவதும் அருளாகாதா? இதற்கான விடை சித்தாந்தத்துக்குள்ளேயே இருக்கிறது. இறைவனின் மறைப்பு அவனுக்கு எந்தப் பயனையும் தருவதில்லை. உயிரின் நன்மை ஒன்றே அதன் நோக்கம். அந்த மறைப்பு முடியும் இடம் விடுதலை. மேலும், எவ்வளவு துன்பம் எந்த உயிருக்குப் போதும் என்பதை முற்றறிவுடையவன் அறிவான். மனிதரின் அடக்குமுறையில் இந்த மூன்றும் இல்லை. பயன் மனிதருக்கே போகிறது, கட்டு வாழ்நாள் முழுதும் நீள்கிறது, அறிவோ குறையுடையது. ஆகையால் இறைவனின் மறக்கருணையை மனிதர் தம் சாட்டைக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

இரண்டாவது மறுப்பு நடைமுறையைச் சார்ந்தது. கட்டின்றி விட்டால் குதிரை தனக்கும் பிறருக்கும் ஆபத்தாகும். நெரிசல் மிகுந்த தெருவில் மிரண்ட குதிரை குழந்தையை மிதித்துவிடக்கூடும். இது உண்மை. எனவே கட்டு முற்றாகத் தவறு என்று முடிவு செய்வதற்கில்லை. ஆனால் அது மூன்று நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். விலங்கின் உடலையும் இயல்பையும் அறிந்து கட்ட வேண்டும். இன்னும் குறைந்த வலியால் ஆகும் செயலுக்கு மிகுந்த வலி தரலாகாது. பழகப் பழகக் கட்டு தளர்ந்து வர வேண்டும். மூன்றாவதே மிகவும் முக்கியமானது. பத்து ஆண்டுகள் பழகிய குதிரைக்கும் முதல் நாளின் இறுக்கமே தேவைப்படுகிறது என்றால், அங்கே பயிற்சி நடக்கவில்லை, அச்சம் மட்டுமே வளர்ந்திருக்கிறது. பிறர் நோயைத் தன் நோயாக எண்ணாத அறிவால் பயன் இல்லை என்ற வள்ளுவரின் நிலையும் இங்கேதான் வந்து சேர்கிறது.

கைமாறும் கயிறு

மாணிக்கவாசகர் கதை பொறுப்பு என்பதைக் கயிற்றாலேயே விளக்குகிறது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பொருளை, வாதவூரர் என்ற பெயரில் அமைச்சராயிருந்த அவர், இன்று ஆவுடையார்கோயில் எனப்படும் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்டுவிட்டார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கி, தானே குதிரைச் சேவகனாக மதுரைக்கு ஓட்டி வந்தான். குதிரை வணிகத்தின் வழக்கப்படி கயிறு மாற்றிக் கொடுத்ததும் பொறுப்பு வாங்கியவரைச் சேர்ந்தது. அன்றிரவே பரிகள் மீண்டும் நரிகளாயின. அடியவருக்காக இறைவன் ஆடிய விளையாட்டாகவே இதைப் பக்தர்கள் போற்றுகிறார்கள். அதனுள் ஓர் அறமும் அடங்கியுள்ளது: கயிற்றைக் கையில் வாங்கும் கணத்தில், கயிற்றின் மறுமுனையில் இருப்பது எதுவாயினும் அதற்கு வாங்கியவரே பொறுப்பு. ஆவுடையார்கோயிலில் குதிரைமேல் வரும் இறைவனின் சிற்பம் இந்தக் கதையை இன்றும் கல்லில் காட்டிக்கொண்டிருக்கிறது.

திருவாரூரின் மனுநீதிச் சோழன் கதை அந்தப் பொறுப்பின் எல்லையைக் காட்டுகிறது. இளவரசன் வீதிவிடங்கன் தேரில் போகும்போது துள்ளி வந்த கன்று சக்கரத்தில் அகப்பட்டு இறந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை. அமைச்சர்கள் பிராயச்சித்தம் போதும் என்றார்கள். பெரியபுராணம் சொல்லும் இக்கதையில் அரசன் அதை ஏற்கவில்லை. மகனைக் கொன்ற தண்டனையை இன்றைய நீதி ஏற்காது. ஆனால் அதன் அடிப்படை நிலைத்து நிற்பது: பசு நீதி கேட்கும் தகுதியுடைய உயிர், வண்டியை ஓட்டியவர் ‘தெரியாமல் நடந்தது’ என்று சொல்லி விலகிக்கொள்ள முடியாது. கோயிலுக்கு அருகில் நிற்கும் கல்தேர் அந்த நீதியின் நினைவுச் சின்னம்.

இன்றைய சட்டமும் இதே திசையில் வந்திருக்கிறது. 1960-இன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், வண்டியிழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகளுக்காக 1965-இல் வகுத்த விதிகள், முள் பதித்த கடிவாளத்தையும் கூர்முனைக் கோலையும் தடை செய்கின்றன. ஆயினும் முட்கடிவாளங்கள் இந்திய நகரங்களின் குதிரை வண்டிகளில் இன்னும் காணப்படுகின்றன. வண்டிக்காரரின் வறுமையும் அவசரமும் இதற்குக் காரணங்களாகலாம். அவற்றையும் தீர்க்க வேண்டும். ஆனால் அந்த விலையைக் குதிரையின் நாக்கு கொடுப்பது நியாயமில்லை.

சேர்த்து வைத்தல்

காவிரிக் கரை தன் குதிரைக் கருவிகளைக் கல்லிலும் மரத்திலும் மண்ணிலும் சேர்த்து வைத்திருக்கிறது. திருவரங்கத்துச் சேஷகிரிராயர் மண்டபத்தின் பாயும் குதிரைகளில் வார்களும் மணிகளும் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எழுப்பிய தாராசுரம் கோயிலின் மண்டபம், குதிரைகள் பூட்டிய தேராக நிற்கிறது. சீர்காழி வட்டாரத்தில் பிறந்த திருமங்கையாழ்வாரின் ஆடல்மா என்னும் குதிரையை வேடுபரி விழா ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது. ஐயனார் கோயில்களில் நேர்த்திக்கடனாக வைத்த மண்குதிரைகள் கடிவாளத்தோடு வரிசையாக நிற்கின்றன. இவையெல்லாம் வழிபாட்டுக்குள் வந்த கருவிகள். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்ற அங்குசங்களோ, வேலைப்பாட்டின் அழகுக்காகப் போற்றப்படுகின்றன.

வலி தந்த கருவியை அழகுக்காகப் போற்றலாமா என்பது சேகரிப்பவர் முன் நிற்கும் கேள்வி. அதை அழித்துவிடுவது விடையாகாது. அழித்தால் சான்றும் போய்விடும், கொல்லரின், தோல்பின்னுபவரின் திறமையும் மறைந்துவிடும். அழகை மட்டும் காட்டி வலியை மறைப்பதும் நேர்மையில்லை. பழைய கடிவாளத்தைச் சேர்த்து வைப்பவர், அதன் உலோகமும் வயதும் எழுதும் இடத்தில், அது எந்த உறுப்பை எப்படி அழுத்தியது என்பதையும் எழுத வேண்டும். முட்கடிவாளத்துக்குப் பக்கத்தில் இரும்பில்லாத கடிவாளத்தையும் வைத்தால், மனிதர் கற்றுக்கொண்ட பாதை பார்ப்பவருக்கு விளங்கும். அருங்காட்சியகங்களும் தனியார் சேகரிப்புகளும் இதைச் செய்வது கடமை. குதிரையோ மாடோ வைத்திருப்பவரின் கடமை இன்னும் நேரடியானது: கயிற்றை இழுக்கும் முன் தன் கையை ஆராய்வது, ஒவ்வோர் ஆண்டும் அந்தக் கயிறு சற்றே தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. அப்படித் தளர்ந்திருந்தால் அங்கே பயிற்சி நடந்திருக்கிறது; தளரவில்லை என்றால் திருந்த வேண்டியது விலங்கு அல்ல, கயிறு பிடித்தவர்.